மின்னொளியும் இல்லலங்காரமும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிரதேசத்தில் ஆர்ட் டெக்கோ பாணி

பாரிஸ் மாநகரில் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடைபெற்ற அலங்காரக் கலைக் கண்காட்சியில், ரெனே லாலீக் முதலிய கலைஞர்களின் கண்ணாடி வேலைப்பாடுகளோடு உலகின் பார்வைக்கு வந்து, 1960களில் ஆர்ட் டெக்கோ என்னும் பெயரால் பரவலாக வழங்கலான அந்நூதன பாணி, இந்தூர் மாணிக் பாக் அரண்மனையையும் பம்பாய்க் கடற்கரை மாளிகைகளையும் அலங்கரித்த வரலாறு பலரால் எழுதப்பட்டிருக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிரதேசத்தின் சாதாரண இல்லங்களை அது எவ்வழியாக அடைந்தது என்பதோ போதிய கவனம் பெறவில்லை. பெருஞ்சிற்பிகளின் வரைபடங்களைக் காட்டிலும் மின்கம்பியும், சிமெண்டும், இரயில் வண்டியுமே அப்பாணியை இங்கே கொண்டுவந்து சேர்த்தன என்பதும், அவற்றுள்ளும் மின்னொளியே முதற்காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பாலக்காட்டின் கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களில் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும் வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என உள்நோக்கி நீண்டு செல்வன. பகலில் முற்றத்தின் வழியே இறங்கும் வெயிலும், இரவில் குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, பிற்காலத்து மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவற்றின் சுடருமே அவற்றின் பிரகாசம். எண்ணெய் விளக்கின் ஒளி மனிதனின் முகமட்டத்துக்குக் கீழும் அதையொட்டியும் பரவுவதன்றி உத்தரத்தை எட்டுவதில்லை. ஆகவேதான், பழைய தச்சர்கள் தங்கள் கைத்திறன் முழுவதையும் வாசற்காலிலும் கதவிலும் தூணிலும் காட்டினர் என்று கருத இடமுண்டு. விட்டத்திலிருந்து மின்விளக்கு தொங்கத் தொடங்கியதும், அதுவரை இருளில் மறைந்திருந்த மேற்சுவரும் கூரையின் அடிப்புறமும் முதன்முறையாகக் கண்ணுக்குப் புலனாயின. அவற்றையும் அலங்கரிக்க வேண்டுமென்ற எண்ணம் அதனாலேயே பிறந்தது. டங்ஸ்டன் இழை பல்பின் கூசும் ஒளியை மட்டுப்படுத்தப் பால்நிறக் கண்ணாடிக் கிண்ணங்களும், படிப்படியாக அடுக்கிய கண்ணாடிக் கூடுகளும், ஒளியைக் கூரைமீது பாய்ச்சித் திருப்பி இறக்கும் மறைவிளக்குகளும் தோன்றின. ஆர்ட் டெக்கோ விளக்கின் இரகசியம் முழுவதும் இதுவே: சுடரை மறைத்து, ஒளியை மட்டும் காட்டுதல்.

மின்சாரம் வந்த வழியை இனி நோக்குவோம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கண்ணன் தேவன் கம்பெனியார் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே சிறு நீர்மின் நிலையம் ஒன்றை நிறுவினர். நீலகிரியின் பைக்காராத் திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கிக் கோயம்புத்தூரின் ஆலைகளைப் பெருக்கிற்று. முதிரப்புழையாற்றின் நீரைக் கொண்டு 1935இல் தொடங்கப்பெற்ற பள்ளிவாசல் திட்டம், சர் சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த காலத்தில், 1940இல் மின்சாரம் வழங்கலாயிற்று; பிற்காலத்தில் அதன் ஆற்றல் 37.5 மெகாவாட்டாக உயர்ந்தது. இவ்வாறு எல்லையின் இருபுறமும் எட்டாண்டு இடைவெளிக்குள் மின்னொளி பெருகுதற்கு வழி பிறந்தது. எனினும், தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் மறைத்தல் தகாது.

வாளையாறு கணவாய்க்கு அருகில், மதுக்கரையில் 1934இல் சிமெண்டு ஆலை ஏற்பட்டமை அடுத்த காரணம். கண்ணாடிக்கு ஒளி எப்படியோ, அப்படியே இப்பாணியின் சுவருக்குச் சிமெண்டு. வளைந்த முகப்பு, சன்னல்மேல் நீண்டோடும் கான்கிரீட்டுப் பட்டை, கைப்பிடிச் சுவரில் சாந்தால் புடைத்தெழுதிய கட்டிய ஆண்டு, மொசைக் தரை ஆகியவை ஊர்க் கொத்தனாரின் கைக்கு எட்டியவை ஆயின. கொல்லர்கள் சன்னல் கம்பிகளில் உதயசூரியனின் கதிர்களை வளைத்தனர். தச்சர்கள் தேக்கிலும் ஈட்டியிலும் மூலை வளைந்த அலமாரிகளைச் செய்தனர்.

மூன்றாவது காரணம், இரயில் வண்டி இப்பிரதேசத்தோடு இணைத்த பம்பாய். உத்தியோகத்தின் பொருட்டு அந்நகருக்குச் சென்ற பாலக்காட்டுத் தமிழர் பலர் அதன் மாதுங்காப் பகுதியில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932இல் தோன்றியது அக்குடியேற்றம் வேரூன்றியதற்குச் சான்று. அவர்கள் வாடகைக்குக் குடியிருந்த அடுக்கு வீடுகளுள் பல இப்பாணியிலேயே எழும்பியவை. 1937 நவம்பரில் இந்தியக் கட்டடச் சிற்பிகள் கழகத்தார் பம்பாயில் நடத்திய இலட்சிய இல்லக் கண்காட்சியோ, புதுமாதிரி விளக்கும் நாற்காலியும் நடுத்தர வகுப்பினருக்கும் உரியவையே என்ற எண்ணத்தைப் பரப்பிற்று. விடுமுறையில் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளோடு அவ்வெண்ணமும் வந்திறங்கியிருக்கும் என்று ஊகிப்பது மிகையாகாது.

ஆயினும் இப்பிரதேசத்தார் வந்ததனைத்தையும் ஏற்றுக்கொண்டாரல்லர். முன்கூடத்தில் பால்நிறக் கண்ணாடி விளக்கைத் தொங்கவிட்ட குடும்பம், பூஜை அறையில் குத்துவிளக்கை அகற்றவில்லை. கூடத்து ஊஞ்சலும் தன் இடத்தை இழக்கவில்லை. மாணிக் பாக் அரண்மனையின் பூரணத்துவத்தைக் காட்டிலும், தேர்ந்தெடுத்து ஏற்ற இந்த விவேகமே என் மதிப்பில் உயர்ந்தது.

1939இல் மூண்ட யுத்தம் அந்நிய விளக்குச் சாதனங்களின் வரவைக் குறைத்தது. அதன்பின் பரவிய குழல்விளக்கு இப்பாணியின் வாழ்வை முடித்தது. நீண்ட குழலே ஒளியைச் சீராகப் பரப்பியபோது, கண்ணாடிக் கூடுகளுக்குத் தேவை இல்லாது போயிற்று. இன்று பழைய வீடுகளைப் புதுப்பிக்கையில், அக்கூடுகளும் கதிர்ச் சன்னல் கம்பிகளும் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குச் செல்கின்றன. அத்தகைய வீடு உடையவர்கள், அவற்றைக் கழற்றுமுன் படமெடுத்து, கட்டிய ஆண்டையும் கொத்தனார், தச்சர் பெயர்களையும் குறித்து வைப்பார்களாயின், பெயரறியாக் கைவினைஞரின் இவ்வரலாறு முழுமை பெறுவதற்கு அது பேருதவியாகும்.