கட்டியினுள் காவற்கலங்கள்: வன்னியிலிருந்து ஒரு நோக்கு

ஜெர்மானிய நோயியலறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ, 1848இல் மேற்சிலேசியாவிற் பரவிய கொள்ளைக்காய்ச்சலை ஆராய்ந்து, வறுமையும் கல்வியின்மையும் ஆட்சியாளரின் புறக்கணிப்புமே அதன் வேர்கள் என்றார். அவரே 1863இல் புற்றுக்கட்டிகளினுள் வெண்குழியங்கள் காணப்படுவதையும் சுட்டினார். இவ்விரு நோக்குகளும் ஒருவருக்கே உரியவை என்பது நாம் மறக்கலாகாத உண்மையாகும்.

பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய்களின் ஆராய்ச்சி இரண்டாம் நோக்கின் வழியே வளர்ந்தது. 1932இல் லண்டனைச் சேர்ந்த கத்பேர்ட் டியூக்ஸ், புற்று குடற்சுவரை ஊடுருவிய ஆழத்தையும் நிணநீர்க்கணுக்களை எட்டியமையையும் கொண்டு நோய்நிலைகளை வகுத்தார். அவ்வகுப்பில் உடலின் எதிர்ப்பு கணக்கிடப்படவில்லை. நேர்குடற் புற்றில் நிணநீர்க்குழியங்கள் செறிந்திருப்பதற்கும் நோயாளர் உயிர்வாழ்வதற்குமுள்ள தொடர்பை 1986இல் ஜெரமி ஜாஸ் ஆராய்ந்தார். 2006இல் பாரிசின் ஜெரோம் கலோன் குழுவினர், கட்டியிலுள்ள நிர்ப்பீடனக் கலங்களின் வகை, செறிவு, இடம் ஆகியவை நோயின் முடிவை வழமையான வகுப்பினும் நன்கு முன்னறிவிக்கும் என்றனர். 13 நாடுகளின் 2,681 நோயாளரை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று: இக்கலங்கள் மிகுந்தோரிடம் நோய் மீளும் வாய்ப்பு குறைவு. அகமதாபாத் அதிற் பங்குகொண்டது, இலங்கை இடம்பெறவில்லை.

அதே 2006இல், ஆகஸ்ட் மாதம், முகமாலைப் பாதை மூடப்பட்டு வன்னி யாழ்ப்பாணத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளாயிற்று. உலகம் கட்டியினுட் கலங்களை எண்ணத் தொடங்கிய ஆண்டுகளில், இங்கு நோயாளர்க்குக் கட்டிலே நிலையற்றிருந்தது. போரின் பின், மக்கள் நடைபயணத்தின் மூலம் திரட்டிய நிதியால் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் எழுந்தது. எனினும், முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்தவர்க்கு அது நெடும்பயணமே.

2018ஆம் ஆண்டு ஆய்வு, புற்று பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலைகளையே கருத்திற்கொண்டது. மலத்திற் குருதி கண்டும் மூலநோயென எண்ணி, கூலிநாளை இழக்க அஞ்சிக் காலந்தாழ்த்துபவர், அவ்வறிவின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுவர். வெட்டியெடுத்த இழையத்தைப் பதப்படுத்தி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கும் நோயியற்கூடம் இன்றேல் காவற்கலங்கள் எத்துணை செறிந்திருப்பினும் அறிவாரில்லை.

ஆகவே, வன்னி வேண்டுவது விர்ச்சோவின் இரு நோக்குகளையும் ஆகும். உடலின் எதிர்ப்பாற்றலை அளக்கும் அறிவியலும், அந்த அளவுகோலை உழவனுக்கும் மீனவனுக்கும் எட்டச்செய்யும் சமூகநீதியும் ஒருங்கே வரவேண்டும் என்பதே நமது துணிபு.