கொள்ளிடத்தின் வாயில் ஒரு கோட்டை: தீவுக்கோட்டையின் வரலாறு

அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதி வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் இருந்ததற்குச் சான்றாக, சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன; ஆயினும் எழுதப்பட்ட வரலாற்றுக் காலத்தில் இந்நிலத்துக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பு அவ்விரண்டு ஆறுகளின் வழியாகவே அமைந்தது. வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை என்னும் வணிகத் துறை வளர்ந்தது. திருமழபாடி, தா.பழூர், அணைக்கரை ஆகிய ஊர்களை ஒட்டி ஓடிக் கிழக்கே செல்லும் கொள்ளிடம் கடலைத் தொடுமிடத்திலோ வணிகத்தைவிடப் போருக்கே பெயர்பெற்ற ஒரு தளம் உருவாயிற்று. ஆங்கில ஆவணங்கள் ‘தேவிக்கோட்டை’ என்று எழுதிய தீவுக்கோட்டை அதுவே.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல் கூறவேண்டும். ஆற்றின் கிளைகளும் உப்பங்கழிகளும் சூழ்ந்த திட்டில் எழுந்ததால் தீவுக்கோட்டை என்று வழங்கிய பெயர், ஐரோப்பியரின் காதிலும் எழுத்திலும் திரிந்து தேவிக்கோட்டையாயிற்று. பின்னர் தமிழில் எழுதியோர் சிலரும் அந்தத் திரிபையே மூலப்பெயராகக் கொண்டு, அங்கே ஏதோ ஒரு தேவியின் கோயில் இருந்திருக்கவேண்டும் என்று எண்ணத் தலைப்பட்டனர். சிவகங்கை மாவட்டத்தின் தேவகோட்டையோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. பெயரிலேயே நீர் இருப்பதை மறந்தால் இக்கோட்டையின் வரலாற்றில் பாதி விளங்காமற் போகும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவு சோழகன் என்னும் தலைவனின் கையில் இருந்தது. அவன் செஞ்சி நாயக்கருக்கு அடங்கியவனாகக் கருதப்பட்டாலும், நாற்புறமும் நீரும் சேறும் காத்த இடத்தில் இருந்துகொண்டு ஏறக்குறையத் தன்னிச்சையாகவே நடந்துவந்தான். அக்காலத்தில் இப்பகுதி வழியே பயணம் செய்த பிமெந்தா என்னும் இயேசு சபைப் பாதிரியார் அவனைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். இங்குள்ள ஆற்றில் முதலைகள் மிகுந்திருந்தன என்ற பழைய செய்தியை வெறும் கற்பனை என்று தள்ளவேண்டியதில்லை. அணைக்கரைப் பகுதியில் ஆற்றில் இறங்குவோரை முதலைகள் இன்றும் அச்சுறுத்துகின்றன. பின்னர்த் தஞ்சை இரகுநாத நாயக்கர் படையெடுத்துச் சோழகனை வென்றதை அவரது அவையைச் சேர்ந்த யக்ஞநாராயண தீட்சிதரின் ‘சாகித்ய ரத்னாகரம்’, இராமபத்ராம்பாவின் ‘இரகுநாதாப்யுதயம்’ ஆகிய வடமொழிக் காப்பியங்கள் பாடுகின்றன. அரசனைப் புகழ்வதற்கென்றே எழுந்த நூல்களாதலின் அவற்றின் வண்ணனையை அப்படியே ஏற்க இயலாது. எனினும் தஞ்சை அரசு தன் கடல்வாயிலைத் தன் கையில் வைத்துக்கொள்ள எவ்வளவு விரும்பியது என்பதை அவை காட்டுகின்றன. நாயக்கருக்குப் பின் தஞ்சை மராட்டியர் வசமானபோது கோட்டையும் அவர்களிடம் சென்றது.

இதன் பிறகு சுமார் முக்கால் நூற்றாண்டுக் காலம் பெரிதாகப் பேசப்படாத இக்கோட்டை 1749இல் திடீரென்று முன்னுக்கு வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிவிட்டமையால், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயிண்ட் டேவிட் கோட்டைக்கு மாறியிருந்தது. 1748இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டதும் அங்கே திரண்டிருந்த படைக்கு வேலையில்லாமற் போனதே முதற்காரணம். சும்மா இருக்கும் படைக்கும் சம்பளம் கொடுத்தாகவேண்டும் அல்லவா? மற்றொன்று நிலவியல் சார்ந்தது. சோழமண்டலக் கரையில் நல்ல இயற்கைத் துறைமுகம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் சிறு படகுகளில் அலையைத் தாண்டிக் கரை சேரவேண்டியிருந்தது. கொள்ளிடத்தின் முகத்துவாரம், அதாவது ஆறு கடலோடு கலக்கும் வாய், உட்புறத்தில் ஆழமாக இருந்தமையால், அதன் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை மட்டும் அகற்றிவிட்டால் கப்பல்கள் புயலுக்கு அஞ்சாமல் ஒதுங்கும் துறைமுகம் கிடைத்துவிடும் என்று கம்பெனியார் கணக்கிட்டனர்.

தஞ்சை அரசை இழந்து செயிண்ட் டேவிட் கோட்டைக்கு வந்து உதவி கேட்ட சாகுஜி, அக்கணக்குக்கு வாய்ப்பாக அமைந்தார். தஞ்சையை அப்போது ஆண்ட பிரதாபசிங்கை நீக்கித் தம்மை அரியணையில் அமர்த்தினால், தீவுக்கோட்டையையும் அதைச் சார்ந்த நிலத்தையும் தருவதோடு படைச் செலவையும் ஏற்பதாக அவர் கூறினார். ஆங்கிலேயர் இந்திய அரசுரிமைச் சண்டை ஒன்றில் படையோடு நுழைந்த தொடக்க நிகழ்ச்சிகளுள் இது முக்கியமானது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சூழ்ச்சிகளைப் பற்றிப் பிற்கால ஆங்கில நூல்கள் எழுதும் கண்டனங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேப்டன் கோப் என்பவரின் தலைமையில் புறப்பட்ட முதற்படை, பகைவரைப் பெரிதாக எதிர்கொள்ளும் முன்பே இயற்கையின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. 1749 ஏப்ரல் 13ஆம் நாள் இரவில் வீசிய கடும்புயலில் நாமூர், பெம்புரோக் என்னும் போர்க்கப்பல்களும் அப்பல்லோ என்னும் மருத்துவக் கப்பலும் அழிந்து, நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டனர். கரைவழியே சென்ற படையின் கூடாரங்கள் பறந்தன. வண்டி மாடுகள் மடிந்தன. பரங்கிப்பேட்டையில் தங்கித் தேறிக்கொண்டு கொள்ளிடக் கரையை அடைந்த படை, முகத்துவாரத்தில் நின்ற கப்பல்களோடு தொடர்புகொள்ள முடியாமலும் கோட்டையைச் சூழ்ந்த நீரைக் கடக்க வழியில்லாமலும் திரும்பியது. எந்தத் துறைமுகம் புயலிலிருந்து காக்கும் என்று விரும்பப்பட்டதோ, அதைத் தேடிப் போன பயணத்திலேயே கப்பல்கள் புயலுக்கு இரையாயின.

இரண்டாம் படை கோடையில் கடல்வழியே சென்றது. மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்சின் தலைமையில் 800 ஐரோப்பியரும் 1500 சிப்பாய்களும் ஆற்றின் வாயை அடைந்து, கோட்டைக்கு எதிர்க்கரையில் பீரங்கி மேடு அமைத்தனர். கோட்டை ஏறக்குறைய ஒரு மைல் சுற்றளவில், ஒன்றுக்கொன்று ஒவ்வாத ஆறு பக்கங்களோடு, சுமார் 18 அடி உயரமுள்ள செங்கல் மதிலும் துருத்திநிற்கும் காவற்கோபுரங்களும் கொண்டிருந்ததாக அக்காலப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் கூறுகிறார். பீரங்கிகள் மதிலில் உடைப்பை ஏற்படுத்தின. ஆயினும் உடைப்புக்கும் படைக்கும் நடுவே ஆறு ஓடியது. அதைக் கடக்க வழிசெய்தவர் படைத்தலைவர் எவரும் அல்லர், மூர் என்னும் கப்பல் தச்சர். 400 பேரைத் தாங்கும் தெப்பம் ஒன்றைக் கட்டிய அவர், இரவில் எதிர்க்கரைக்குச் சென்று மரமொன்றில் கயிற்றைக் கட்டி வந்தார்; அக்கயிற்றைப் பற்றி இழுத்தே தெப்பம் கரை சேர்க்கப்பட்டது.

அக்கரை சேர்ந்தபின் மதிலை நோக்கிப் பாய்ந்த முன்னணிக் குழுவை நடத்தியவர், இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத ராபர்ட் கிளைவ். பின்னால் வரவேண்டிய சிப்பாய்கள் தயங்கி நிற்க, மறைவிலிருந்து வந்த தஞ்சைக் குதிரைப்படை அவருடன் சென்ற 34 ஐரோப்பியரில் 26 பேரை நொடிப்பொழுதில் வெட்டி வீழ்த்தியது. கிளைவ் மயிரிழையில் தப்பினார். பிறகு லாரன்ஸ் முழுப்படையோடு முன்னேற, கோட்டை வீழ்ந்தது. ஆங்கில நூல்கள் இந்நிகழ்ச்சியைக் கிளைவின் வீரகதையாகவே எழுதிவந்துள்ளன. போரின் போக்கைப் பார்த்தால் தச்சரின் தெப்பமே அதைத் தீர்மானித்தது என்று கூறுவது பொருந்தும்.

வெற்றிக்குப் பின் சாகுஜியின் உரிமை வசதியாக மறக்கப்பட்டது. பிரதாபசிங்கோடு செய்த உடன்படிக்கையின்படி, கோட்டையும் ஆண்டுக்கு 9000 வராகன், அதாவது அக்காலப் பொன் நாணயம், வருவாய் தரும் நிலமும் கம்பெனிக்குக் கிடைத்தன. அரியணை கேட்டு வந்தவருக்கு ஆண்டுக்கு 4000 ரூபாய் உதவித்தொகை மட்டும் மிஞ்சியது.

கடல்வாயிலில் நிலைகொண்ட இப்படை, உள்நாட்டுப் போரிலும் பங்கு கொண்டது. 1751இல் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள வாலிகண்டபுரத்தில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்து நின்ற ஆங்கிலப் படை சிதறி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியபோது, அதற்குத் துணையாகத் தீவுக்கோட்டையிலிருந்து கேப்டன் கிளார்க் ஒரு பிரிவை நடத்திச் சென்றார்; செயிண்ட் டேவிட் கோட்டையிலிருந்து வந்த கிளைவும் தஞ்சை நாட்டில் அவரோடு சேர்ந்துகொண்டார். மறு ஆண்டு ஜூனில் அதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் கிளைவிடம் சரணடைந்தார்.

எனினும் கம்பெனியார் விரும்பிய துறைமுகம் உருவாகவேயில்லை. காவிரியின் வெள்ளத்தை வடித்துக் கடலில் சேர்ப்பதே கொள்ளிடத்தின் தொழில். மழைக்காலம்தோறும் அது வாரிவரும் மணலையும், கடலோரம் அலைகள் தள்ளிக்கொண்டுவரும் மணலையும் அக்காலக் கருவிகளால் அகற்றிவிடலாம் என்று எண்ணியது பெரும் பிழை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடித்ததும், தீவுக்கோட்டையின் காவற்படை அதைக் கைவிட்டுத் திருச்சிக்குச் சென்றது. 1760இல் பிரெஞ்சுக்காரர் பின்வாங்கவே அது மீண்டும் கைமாறியது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபின் அங்கே படை வைத்துக் காக்கவேண்டிய பகைவரும் இல்லை, கப்பல் நிற்கும் துறையும் இல்லை. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணை கட்டியபின், கொள்ளிடத்தின் நீர் பாசனத்துக்கு உரியதாகக் கருதப்பட்டதேயன்றிக் கப்பலுக்கு உரியதாக எவரும் கருதவில்லை. கோட்டை சிதைந்தது. இன்று அந்த முகத்துவாரத்துக்கு அருகில் இயங்குவது பழையாறு மீன்பிடித் துறைமுகம் ஒன்றே.