மேடை மறுக்கப்பட்டவர் – அத்தியாயம் 9: விடுதி மண்டபத்தில் ஓர் அரங்கேற்றம்

ட்ருட்னோவ் நகரத்து பீர் ஆலையில் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த வாட்ஸ்லாவ் ஹாவெலோடு போன வாரம் நிறுத்தினோம். அது 1974. சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் புகுந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. செக்கோஸ்லோவாக்கியாவின் எந்த மேடையிலும் அவர் நாடகத்துக்கு அனுமதியில்லை. வெளிநாடுகளில் நடந்தன, எழுதியவரால்தான் போய்ப் பார்க்க முடியவில்லை.

நாடகாசிரியருக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது? கவிஞர் கையெழுத்துப் பிரதியோடு காலம் தள்ளிவிடலாம். வசனத்துக்கோ பேச ஒரு வாய் வேண்டும், கேட்க ஒரு கூட்டம் வேண்டும்.

கதவடைப்பு அவருக்குப் புதிதல்ல. பராண்டோவ் திரைப்பட ஸ்டுடியோவை உருவாக்கிய மிலோஷ் ஹாவெல் அவருடைய சித்தப்பா. ஆனால் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை என்ற முத்திரை விழுந்தவருக்குத் திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. பிராகின் 'நா ஸாப்ராட்லி' அரங்கில் மேடைச் சாமான் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, அங்கேயே நாடகாசிரியராக எழுந்தவர் அவர். அதே அரங்கின் மேடைத் தொழிலாளி ஆந்த்ரே க்ரோப்தான் இப்போது ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார்.

ஜான் கே 1728-இல் மேடையேற்றிய 'பிச்சைக்காரர் ஆபெரா'வை ஹாவெல் தன் போக்கில் புதிதாக எழுதியிருந்தார். தொழில்முறை நடிகர்கள் யாரும் இல்லாமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு க்ரோப் ஒத்திகை பார்த்தார். 1975 நவம்பர் 1 அன்று பிராகின் ஓரத்தில் உள்ள ஹோர்னி போச்செர்னிட்சேயில், ஓர் உணவு விடுதியின் மண்டபத்தில் திரை விலகியது. வாய்வழியாகச் செய்தி கேட்டு வந்தவர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். அவர்களுக்கு நடுவே, தன் சொற்களுக்குச் சொந்த ஊர்க்காரர்கள் சிரிப்பதைக் கேட்டபடி ஹாவெல்! உலகின் பெரிய அரங்கேற்றங்கள் எதுவும் தராத மகிழ்ச்சியை அந்த ஒரே இரவு தந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். அவர் நாடக வாழ்வின் உச்சம் இதுதான் என்பேன்.

காவல்துறை தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. பிறகு விசாரணைகள் வரிசையாக வந்தன. நடித்தவர்களையும் பார்த்தவர்களையும் கூப்பிட்டு மிரட்டினார்கள். சிலருக்கு வேலை போயிற்று. ஹாவெல் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு ராக் இசைக் கலைஞர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டபோது, அவர்களுக்காகக் கிளர்ந்தெழுந்தவர்களின் முன்வரிசையில் அவர் இருந்தார். அந்தக் கோபத்தில் பிறந்தது 'சாசனம் 77'. மனித உரிமைகளை மதிப்பதாக அரசு போட்ட கையெழுத்தை அரசுக்கே நினைவூட்டிய அறிக்கை அது. இருநூற்றுக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டார்கள்.

1977 ஜனவரி 6. நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கி காரை ஓட்ட, எழுத்தாளர் லுத்விக் வட்சுலீக்கும் ஹாவெலும் உடன் இருந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒப்படைக்க வேண்டிய அறிக்கையும், ஒப்பமிட்டவர்களுக்கு அனுப்ப வேண்டிய உறைகளும் அவர்கள் வசம். பின்னால் ஒரு ரகசியப் போலீஸ் கார் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் சேர்ந்தது. லாண்டோவ்ஸ்கி வேகத்தைக் கூட்டினார். ஒரு தபால் பெட்டியருகே வண்டி நிற்க, ஹாவெல் இறங்கி, அள்ளிய உறைகளை அவசர அவசரமாக உள்ளே திணித்தார். கார் மறுபடி பாய்ந்தது. கொஞ்ச தூரம்தான். நாலாபுறமும் கார்கள் வந்து மறித்தன!

(தொடரும்)