காயத்துக்குச் சாட்சி யார்?

வாஷிங்டன் நகரின் ஜுடிஷியரி சதுக்கத்தில் பிரம்மாண்டமான ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. இன்று அது தேசியக் கட்டட அருங்காட்சியகம். 1887-ல் கட்டி முடித்தபோது அதற்குப் பென்ஷன் கட்டடம் என்று பெயர். ஒன்றரைக் கோடிக்கு மேல் செங்கல், உள்ளே 75 அடி உயரத்தில் எட்டுத் தூண்கள், வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குப் படைவீரர்கள் அணிவகுக்கும் சுடுமண் சிற்பங்கள். கட்டியவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ். உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்துக்கு உணவும் உடையும் வண்டியும் அனுப்பிவைத்த தளவாடத் தலைவர். 1864-ல் அதே போரில் மகனைப் பறிகொடுத்தவர்.

அவர் கட்டிய படிகளில் ஏறிப் பார்த்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு படியும் உயரம் குறைவு, அகலம் அதிகம். கட்டைக்காலும் ஊன்றுகோலுமாக வருகிறவர்கள் சிரமமில்லாமல் ஏறட்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார். மேல்மாடத் தாழ்வாரங்களில் தண்டவாளம் போல ஒரு கம்பி ஓடியது. அதில் கூடைகளைத் தொங்கவிட்டு, கோப்புகளை அறைக்கு அறை நகர்த்தினார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான எழுத்தர்கள் அங்கே உட்கார்ந்து, யாருக்கு எந்தக் காயம், அது எந்தப் போரில் பட்டது, அதற்கு மாதம் எத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்தார்கள்.

காயம்பட்ட வீரனுக்காக இவ்வளவு அக்கறையோடு கட்டடம் எழுப்பிய அதே நாட்டில்தான், அந்த வீரன் ஒரு முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தான். இரண்டு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால் காத்திருப்புக்குப் பணப் பற்றாக்குறை முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. நிரூபிக்கும் பொறுப்பை யார் தலையில் வைத்தார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1776 ஆகஸ்ட் 26-ல் முதல் பென்ஷன் தீர்மானம் நிறைவேறியது. போரில் கை, கால் இழந்தவருக்கு ஆயுள் முழுக்க அரைச் சம்பளம். வாக்குறுதி தாராளமானது. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டிய பணம் மாநிலங்களிடம் விடப்பட்டது. மாநிலங்களோ கடனில் இருந்தன. 1792-ல் மத்திய அரசு விதி வகுத்தபோது, மனுக்களை நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், அவர்கள் முடிவைப் போர்த்துறைச் செயலாளர் ஏற்கலாம், நிறுத்தியும் வைக்கலாம் என்று சட்டம் சொன்னது. ‘நீதிமன்றத்தின் தீர்ப்பை ஒரு அமைச்சர் திருத்துவதா?’ என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். வில்லியம் ஹேபர்ன் என்ற வீரரின் மனு அந்த மோதலில் சிக்கிக்கொண்டது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஹேபர்ன் வழக்கு இன்றும் பாடம். நீதித்துறையின் சுதந்திரத்துக்கு அது முன்னோடி என்கிறார்கள். அந்தப் பெருமையெல்லாம் சரிதான். மனு கொடுத்த மனிதருக்கு அன்று வேண்டியிருந்தது மாதப் பணம்.

ஜோசப் பிளம்ப் மார்ட்டின் சுதந்திரப் போரில் 15 வயதில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, போர் முடிவதற்குள் சார்ஜென்ட் ஆனவர். ஏழை வீரர்களுக்கு மாதம் 8 டாலர் கொடுக்கும் சட்டம் 1818-ல்தான் வந்தது. சமாதானம் ஏற்பட்டு அதற்குள் 35 ஆண்டு ஓடியிருந்தது. அது போதாதென்று, உண்மையிலேயே ஏழையா என்று நிரூபிக்க 1820-ல் சொத்துப் பட்டியலும் கேட்டார்கள். மார்ட்டின் நீதிமன்றத்தில் ஏறி, தன்னிடம் இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி இருப்பதாகக் கணக்குச் சொன்னார். நாட்டுக்காகப் பட்டினி கிடந்து போராடிய ஒருவர், முதுமையில் தன் வறுமையை ஊரறிய வாசிக்க வேண்டியிருந்தது.

உள்நாட்டுப் போர் வந்ததும் மனுக்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. 1862 ஜூலை 14-ல் வந்த சட்டம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். உடலுழைப்பு முற்றிலும் முடியாமல் போன சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். உயர் அதிகாரிக்கு 30 டாலர் வரை. 1866-ல் இழப்புகளுக்குத் தனித்தனி விலை வந்தது: இரண்டு கண் போனால் 25 டாலர், இரண்டு பாதம் போனால் 20.

கை, கால் இழந்தவர்களின் பாடு ஒப்புநோக்கச் சுலபம். இழப்பு கண்ணுக்குத் தெரியும். நோயால் உடைந்துபோனவர்களின் பாடுதான் பெரிது. முகாமில் அசுத்தத் தண்ணீர் குடித்து நாள்பட்ட வயிற்றுப்போக்கு வந்தவர், மழையில் படுத்து மூட்டுவாதம் வந்தவர் ஆகியோரின் மனுக்கள் குவிந்தன. அவர்கள் ஒரு விஷயத்தை அல்ல, மூன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது: நோய் பணியில் இருந்தபோது வந்தது, அதன் பிறகு விடாமல் தொடர்ந்தது, இன்றும் உழைக்க முடியாதபடி இருக்கிறது. பென்ஷன் அலுவலகம் ராணுவத் தலைமையகத்துக்கு எழுதி வருகைப் பதிவேட்டைக் கேட்கும். ஆஸ்பத்திரிப் பதிவைக் கேட்கும். போரின் நடுவில் வயிற்றுப்போக்குக்கெல்லாம் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள்? பதிவு இல்லையென்றால் மேலதிகாரியின் வாக்குமூலம் வேண்டும். அவர் செத்துப்போயிருந்தால் உடன் இருந்த இரண்டு தோழர்களைத் தேட வேண்டும். ஒருவர் கன்சாஸில் நிலம் வாங்கிப் போயிருப்பார், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. ஊர் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய முதலாளி என்று சாட்சிப் பட்டியல் நீளும். கடைசியில் அரசு நியமித்த மருத்துவர்கள் முன் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும்.

கறுப்பின வீரர்களுக்கு இந்தச் சுவர் இன்னும் உயரம். அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறந்த தேதிக்கு ஏட்டுச் சான்று கிடையாது. திருமணத்தைச் சட்டம் அங்கீகரித்ததே இல்லை. விடுதலைக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். ஹாரியட் டப்மனின் கணவர் நெல்சன் டேவிஸ், படையில் நெல்சன் சார்லஸ் என்ற பெயரில் சேர்ந்தவர். அவர் 1888-ல் இறந்தார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று டப்மன் சத்தியப் பிரமாணங்கள் திரட்ட வேண்டியிருந்தது. 1890-ல் கேட்ட விதவை பென்ஷன் 1895-ல்தான் வந்தது. மாதம் 8 டாலர்.

டப்மன் தானே போரில் தாதியாகவும் உளவாளியாகவும் இருந்தவர். 1863-ல் தென் கரோலினாவின் காம்பாஹி ஆற்றங்கரைத் தாக்குதலில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற வழிகாட்டியவர். அந்தப் பணிக்கான ஊதியத்தைப் போர் முடிந்த நாளிலிருந்தே கேட்டு வந்தார். முறைப்படி படையில் சேர்த்துக்கொண்ட பதிவு அவருக்கு இல்லை. 1899-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, தாதிப் பணியைக் குறிப்பிட்டு, பென்ஷனை 20 டாலராக உயர்த்தியது. அப்போதும் உளவுப் பணிக்கு ஒரு காசு தரவில்லை. ராணுவத் தளபதிகள் பரிந்துரைக் கடிதம் கொடுத்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சமையல்காரிகளும் சலவைக்காரிகளும் என்ன ஆனார்கள் என்று நினைக்கவே மனம் கனக்கிறது.

1890 ஜூன் 27-ல் இந்தக் கதையில் பெரிய திருப்பம். 90 நாள் பணிபுரிந்து நல்ல முறையில் விலகிய எவருக்கும் உடலுழைப்பு முடியாமல் போனால் பென்ஷன். அந்த இயலாமை போரில்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மாதம் 6 முதல் 12 டாலர். சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றியதுமே லட்சக்கணக்கான மனுக்கள் நகர்ந்தன. சில ஆண்டுகளில் பென்ஷன்காரர்கள் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். மத்திய அரசின் செலவில் சுமார் 40 சதவீதம் இதற்கே போனது. பொய்க் கோரிக்கைகளும் ஊழலும் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பசியோடு இருந்த கிழவர்களுக்குச் சோறு போட்ட சட்டம் இது.

இன்னொரு பழைய விதி யாரும் கவனிக்காமல் நூறாண்டு தாண்டி உயிர்வாழ்ந்தது. வீரர்களை ஏமாற்றும் வக்கீல்களைத் தடுக்க, ஒரு மனுவுக்கு 10 டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1864-ல் சட்டம் போட்டார்கள். அன்று அது நல்ல பாதுகாப்பு. சிப்பாயின் மாத பென்ஷனைவிட அதிகம். 1985-லும் அதே 10 டாலர்! அந்தத் தொகைக்கு எந்த வக்கீலும் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளான வீரர்களின் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மனுக்களை முடிவு செய்யும் அரசுத் துறையான படைவீரர் நிர்வாகம் ‘இல்லை’ என்று சொன்னால், பொதுவாக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி கிடையாது. 1988-ல்தான் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். அதுவரை நிர்வாகமே வாதி கேட்டதை விசாரித்து, நிர்வாகமே தீர்ப்பும் சொன்னது.

உலகப் போர்களுக்குப் பின் முறை நவீனமானது, மனுவின் எலும்புக்கூடு மாறவில்லை. இன்றைய நோய், பணிக்கால நிகழ்வு, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு என்ற மூன்றும் வேண்டும். 1945-ல் வந்த மதிப்பீட்டு அட்டவணை ஊனத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாக அளக்கிறது. அதில் கூட்டல் முறையே வேறு. ஒருவருக்கு மனநோய்க்கு 50, முதுகெலும்புக்கு 30 என்றால் மொத்தம் 80 ஆகாது. முதலில் 50 போனால் மிச்சமிருக்கும் ‘ஆரோக்கியமான’ 50-ல் 30 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும், அது 15. ஆக 65, அதை முழுமையாக்கினால் 70. முதல் முறை கடிதத்தைப் பிரிக்கிறவர்கள் தவறுதலாக அச்சாகிவிட்டது என்றே நினைக்கிறார்கள்.

1973 ஜூலை 12 நள்ளிரவுக்குச் சற்றுப் பின், செயின்ட் லூயிஸ் அருகே, படைவீரர்களின் பணிக்கால ஆவணங்கள் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஆவண அறைகளில் தண்ணீர் தெளிப்பான்கள் இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் முழுமையாக அணைந்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையான கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். நகல் இல்லை, மைக்ரோபிலிம் இல்லை, எது எரிந்தது என்று சொல்ல முழுமையான பட்டியல்கூட இல்லை. நனைந்து பிழைத்த தாள்களை விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். நார்மண்டியில் குண்டடி பட்டவரும் கொரியக் குளிரில் கால்விரல் இழந்தவரும் அதன் பிறகு மனு போட்டால், அரசாங்கத்தின் கையில் எரிந்துபோன ஆதாரத்துக்கு அவர்களே பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் தேடிக்கொண்டு வர வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் கூடுதல் கவனத்தோடு உதவுவது நிர்வாகத்தின் கடமை என்று நீதிமன்றம் பின்னர் சொன்னது. அதைச் சொல்ல நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதே வருத்தம்.

வியட்நாம் போரின் காயம் வேறு மாதிரி. 1962 முதல் 1971 வரை 7 கோடி லிட்டர் அளவுக்குக் களைக்கொல்லிகளைக் காடுகள் மீது தெளித்தார்கள். ஏஜென்ட் ஆரஞ்சு அவற்றில் முக்கியமானது. 1977-ல் சிகாகோவில் படைவீரர் நிர்வாகத்தின் ஊழியரான மாட் டிவிக்டர், தன்னிடம் வந்த மனுக்களில் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துக் குறித்துவைத்தார். அடுத்த ஆண்டு அங்கிருந்த தொலைக்காட்சி நிலையம் அதை வெளிக்கொண்டு வந்தது. ஹெலிகாப்டர் படையில் இருந்த பால் ரூட்டர்ஷன் என்ற இளைஞர் புற்றுநோயால் 28 வயதில் இறந்தார். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு ரசாயனம் உன் மேல் பட்டது என்று ஒரு சிப்பாயால் எப்படிச் சொல்ல முடியும்? 1991-ல் வந்த ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. வியட்நாம் மண்ணில் பணியாற்றி, பட்டியலில் உள்ள நோய் வந்திருந்தால் போதும். தொடர்பு உண்டு என்று அரசு தானே ஏற்றுக்கொள்ளும். கரையில் கால் வைக்காமல் கப்பலிலேயே இருந்த கடற்படையினர் அதே உரிமைக்கு 2019 வரை போராடினார்கள். அதே நஞ்சைக் குடித்த வியட்நாம் மக்கள் தொடுத்த வழக்கையோ அமெரிக்க நீதிமன்றம் 2005-ல் தள்ளுபடி செய்தது.

காகிதம் தன் பழிவாங்கலை நிறுத்தவில்லை. 2012-ல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் அலுவலகத்தைத் தணிக்கை செய்தவர்கள், அலமாரிகளுக்கு மேல் சுமார் 37,000 கோப்புகள் அடுக்கப்பட்டிருந்ததையும், அந்தக் கனத்தைத் தளம் தாங்காது என்ற அபாயத்தையும் எழுதினார்கள். 2013 மார்ச்சில் 125 நாளைத் தாண்டி நிலுவையில் இருந்த மனுக்கள் 6 லட்சத்துக்கும் மேல். கணினிமயம் வந்தபின் அந்தக் குவியல் கரைந்தது. மேல்முறையீடுகளோ தொடர்ந்து இழுத்தன. 2008 அக்டோபர் வரை இன்னொரு கொடுமையும் இருந்தது: மனு முடிவதற்குள் வீரர் இறந்தால் மனுவும் இறந்துவிடும், மனைவி புதிதாகத் தொடங்க வேண்டும். அந்த ஆண்டுதான் அவருடைய இடத்தில் நின்று வழக்கைத் தொடரும் உரிமை குடும்பத்துக்குக் கிடைத்தது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம்களின் குப்பையை, பிளாஸ்டிக்கையும் மருத்துவக் கழிவையும் சேர்த்து, திறந்த குழிகளில் விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் மனுக்கள் மறுபடியும் ‘தொடர்பை நிரூபி’ என்ற சுவரில் மோதின. 2022 ஜூலை 27-ல் செனட்டில் இதைச் சரிசெய்யும் ஒரு மசோதா தடைப்பட்டபோது, வீரர்களும் குடும்பத்தினரும் கேபிடல் படிக்கட்டுகளிலேயே இரவு பகலாக உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2-ல் 86-க்கு 11 என்று அது நிறைவேறியது. 2020-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஹீத் ராபின்சனின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டம், இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சாட்சி கேட்பதை நிறுத்தியது.

அதே சட்டம் வியட்நாம் வீரர்களின் உயர் ரத்த அழுத்தத்தையும் ஏஜென்ட் ஆரஞ்சு பட்டியலில் சேர்த்தது. அந்தத் தொடர்புக்குப் போதிய ஆதாரம் உண்டென்று தேசிய அறிவியல் கழகங்கள் 2018-லேயே சொல்லிவிட்டன. அறிவியல் பதில் சொன்ன பிறகும் நான்கு ஆண்டு தாமதித்ததை எந்த நிர்வாகக் காரணமும் நியாயப்படுத்தாது. 1970-ல் 20 வயதில் அங்கே நின்ற சிப்பாய்க்கு, இந்த உரிமை கிடைத்த ஆண்டில் வயது 72.