வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு சிற்றரசு

1190-ல் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறும் முன், ஷாம்பேன் சிற்றரசின் பிரபு இரண்டாம் ஹென்றி தன் கீழிருந்த குறுநிலத் தலைவர்களை அழைத்து ஒரு சத்தியம் வாங்கினார். தான் திரும்பி வராவிட்டால் தம்பி திபோவையே பிரபுவாக ஏற்க வேண்டும் என்பது அந்தச் சத்தியம். ஹென்றிக்கு வயது 23. மணமாகவில்லை, வாரிசும் இல்லை. அன்றைக்கு அது சரியான ஏற்பாடுதான். அதுவே பின்னால் ஒரு போருக்கு வித்தாகும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

பாலஸ்தீனத்தில் நடந்த கதையோ வேறு. ஜெருசலேம் அரசின் வாரிசு இசபெல்லா. அவருடைய முதல் கணவர் ஹம்ஃப்ரி உயிரோடு இருக்கும்போதே, அரசியல் நெருக்கடியில் அந்தத் திருமணத்தை ரத்து செய்து, கொன்ராட் என்பவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். 1192 ஏப்ரலில் கொன்ராட் கொலையுண்டார். ஒரே வாரத்தில், கொன்ராட்டின் குழந்தையை வயிற்றில் சுமந்திருந்த இசபெல்லாவின் கையைப் பிடித்தார் ஹென்றி. ஹம்ஃப்ரி அப்போதும் உயிரோடுதான் இருந்தார். இந்தத் திருமணத்தில் பிறந்து வளர்ந்த மகள்கள் இருவர்: அலிக்ஸ், பிலிப்பா. 1197 செப்டம்பரில் ஆக்கர் நகர அரண்மனை ஜன்னலிலிருந்து விழுந்து ஹென்றி இறந்துபோனார். சொந்த மண்ணை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

சத்தியப்படி தம்பி மூன்றாம் திபோ ஷாம்பேனின் பிரபுவானார். கடல் கடந்து கிடந்த அண்ணன் மகள்களை யாரும் நினைக்கவில்லை. திபோ, நவார் நாட்டு இளவரசி பிளான்ஷை 1199-ல் மணந்தார். அடுத்த சிலுவைப் போருக்குத் தலைமை ஏற்கத் தயாராகிக்கொண்டிருந்தவர், 1201 மே மாதம் 22 வயதில் இறந்தார். பிளான்ஷ் அப்போது நிறைமாத கர்ப்பிணி. கையில் ஒரு பெண் குழந்தை. புகுந்த வீட்டில் துணை என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

அந்த நாட்களில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. அழுதுகொண்டு அரண்மனைக்குள் முடங்காமல், நேராக பிரான்ஸ் அரசர் இரண்டாம் பிலிப்பிடம் போய் விசுவாசப் பிரமாணம் செய்தார். அரசரின் அனுமதி இல்லாமல் மறுமணம் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தார். பெற்ற மகளை அரசரின் பொறுப்பில் விடவும் சம்மதித்தார். ஒரு தாய்க்கு இதைவிடக் கனமான விலை உண்டா? அதற்கு ஈடாக, பிறக்கப்போகும் பிள்ளைக்காகச் சிற்றரசை ஆளும் உரிமை அவர் கைக்கு வந்தது. மே 30 அன்று ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் பெயரையே வைத்தார்கள். அவர்தான் நான்காம் திபோ.

ஷாம்பேன் ஏன் இத்தனை பேர் கண்ணை உறுத்தியது? காரணம் சந்தை. த்ருவா, ப்ரோவான், லாஞ்யி, பார்-சுர்-ஓப் ஆகிய நான்கு ஊர்களில் ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றி ஆறு பெருஞ்சந்தைகள் கூடின. ஃபிளாண்டர்ஸ் நெசவாளர்களின் கம்பளித் துணியும், இத்தாலிய வணிகர்கள் கொண்டுவந்த கீழைநாட்டு மிளகும் பட்டும் அங்கேதான் கைமாறின. வழியில் வணிகர்களுக்குப் பாதுகாப்பு, சந்தையில் நியாயமான தீர்ப்பு, அளவைகளுக்குக் கண்காணிப்பு என்று பிரபுவின் ஆட்கள் பொறுப்பேற்றார்கள். சுங்கமும் வாடகையும் அவர் கஜானாவுக்கு வந்து சேர்ந்தன.

அந்தச் செல்வத்துக்கு உரிமை கோரி வந்தவர் எரார், ப்ரியேன் குடும்பத்துக்காரர். ஆக்கருக்குப் போய், சிறுவன் திபோவின் பெரியப்பா மகளான பிலிப்பாவை மணந்துகொண்டார். மூத்தவரின் மகள் இருக்க இளையவரின் மகனுக்கு எப்படிச் சேரும் என்பது அவர் வாதம். மகன் இல்லாதபோது மகளுக்குச் சொத்து சேரும் வழக்கம் ஷாம்பேனில் இருந்ததால், அதை லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பழைய பங்காளி வழக்கு ஒன்று புதுக் கணவரோடு வாசலில் வந்து நின்றது.

பிளான்ஷ் இதை முன்பே கணித்திருந்தார். வாரிசுக்கு 21 வயது ஆகும்வரை எந்த உரிமை வழக்கும் விசாரிக்கப்படாது என்று அரசரிடம் உறுதி வாங்கி வைத்திருந்தார். இசபெல்லாவின் முதல் திருமணம் முறையாக ரத்தாகவில்லை, ஆகவே பிலிப்பா முறையான மகள் அல்ல என்று பாப்பரசரின் தூதர் முன் சாட்சிகளை நிறுத்தினார். சாசனங்களையும், எந்த மானியம் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல்களையும் திரட்டிப் படியெடுத்துத் தொகுக்கச் செய்தார். அவருடைய படைபலத்தைவிட இந்த ஏடுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1216 ஜூலையில் மெலுன் நகரில் அரசவை கூடி பிளான்ஷ் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1190-ல் வாங்கிய சத்தியமும் அங்கே எடைபோடப்பட்டது.

எரார் அடங்கவில்லை, வாளை எடுத்தார். உள்ளூர்த் தலைவர்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஷாம்பேனின் செனஷல், அதாவது பிரபுவின் தலைமை அதிகாரி, சிமோன் த ழ்வான்வில்கூட அவர்களில் ஒருவர். புனித லூயி அரசரின் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்ற ழான் த ழ்வான்வில் இவருடைய மகன்தான். கிழக்கே லொரேன் நாட்டின் டியூக்கும் எராரோடு சேர்ந்துகொண்டார். பிளான்ஷ் ஜெர்மனியின் இரண்டாம் ஃபிரெடரிக்கையும் பர்கண்டி டியூக்கையும் தன் பக்கம் திரட்டினார். 1218-ல் நான்சி நகரம் எரிந்தது, லொரேன் டியூக் சரணடைந்தார். எரார் கூட்டத்தைத் திருச்சபையும் விலக்கி வைத்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தலைவர்கள் சமாதானத்துக்கு வந்தார்கள். 1221-ல் எராரும் பிலிப்பாவும் பணமும் ஆண்டு வருமானமும் பெற்றுக்கொண்டு உரிமையைத் துறந்தார்கள்.

அடுத்த ஆண்டு மகனுக்கு 21 வயது நிறைந்தது. பிளான்ஷ் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, தானே நிறுவிய அர்ஜான்சோல் கன்னிமடத்துக்கு ஒதுங்கினார். 1229-ல் அங்கேயே காலமானார்.

வழக்கு அதோடு முடியவில்லை. பிலிப்பாவின் அக்கா அலிக்ஸ், சைப்ரஸ் அரசியாக இருந்தவர், தன் பங்கைக் கேட்டு பிரான்சுக்கே வந்துவிட்டார். 1234-ல் 40,000 லீவ்ர் ரொக்கமும் ஆண்டுக்கு 2,000 லீவ்ர் வருமானமும் தருவதாக ஒப்புக்கொண்டுதான் நான்காம் திபோ அவரைத் திருப்தி செய்தார். அந்த ரொக்கத்துக்காக ப்ளுவா, ஷார்த்ர், சான்செர், ஷாத்தோதன் ஆகியவற்றின் மீதிருந்த மேலாதிக்க உரிமையை அரசருக்கு விற்க நேர்ந்தது. அதே ஆண்டு தாய்மாமன் வழியில் நவார் நாட்டு மகுடம் திபோவின் தலைக்கு வந்தது. கவிஞராகவும் அவர் பெயர் நிலைத்தது. அவருடைய காதல் பாடல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.

அவருக்குப் பின் மகன் ஐந்தாம் திபோ, அரசர் லூயியோடு போன தூனிசியா போரிலிருந்து திரும்பும் வழியில் 1270-ல் சிசிலியில் பிள்ளையின்றி இறந்தார். அவர் தம்பி மூன்றாம் ஹென்றி ஆண்டது 4 ஆண்டுகள்தான். அந்த ஹென்றியின் ஒரே மகன் குழந்தையாக இருந்தபோதே கோட்டை மதிலிலிருந்து விழுந்து இறந்துவிட்டதால், 1274-ல் ஷாம்பேனும் நவாரும் ஒரு வயது கடந்திருந்த பெண் குழந்தை ழானுக்கு வந்தன. பிலிப்பாவுக்கு மறுக்கப்பட்ட ஷாம்பேன், பிளான்ஷின் கொள்ளுப்பேத்திக்கு எதிர்ப்பின்றிக் கிடைத்தது.

1284-ல் 11 வயது ழானை பிரான்சின் பட்டத்து இளவரசர் மணந்தார். மறு ஆண்டே அவர் நான்காம் பிலிப்பாக அரியணை ஏறினார். 1305-ல் ழான் இறக்க, மகன் லூயி ஷாம்பேனின் பிரபுவானார். 1314-ல் அவரே பிரான்சின் அரசருமானார். அந்த லூயிக்கும் ஒரு மகள், பாட்டியின் பெயரையே கொண்ட ழான். அவளுக்கு நவார் கிடைத்தது, ஷாம்பேன் மட்டும் கிடைக்கவில்லை. அரசர்கள் அதை ஏன் விடாப்பிடியாகத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)