ஒற்றைக் கீழறை இதயம்



இராசபாளையத்து ஆலைப் பொறிகளுக்கும் ஓய்வு உண்டு. திருவில்லிபுத்தூர்த் தேரும் வீதி வலம் முடிந்தால் நிலைக்கு வந்து நின்றுவிடும். நம் இதயமோ கருவில் இயங்கத் தொடங்கியபின் இறுதிவரை ஓய்வதில்லை. அவ்விதயம் பிறவியிலேயே குறையுடையதாக அமைந்துவிட்டால் என்ன நேரும்? அதனை மனிதர் அறிந்த வரலாற்றையே இன்று நான் கூற விரும்புகிறேன்.

இதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. வலக் கீழறை குருதியை நுரையீரலுக்குச் செலுத்துகிறது. இடக் கீழறை உடலெங்கும் செலுத்துகிறது. மிக அரிதாகச் சிலருக்கு ஒரு கீழறையே செயற்படும். அங்கே தூய குருதியும் மாசுற்ற குருதியும் கலந்துவிடும். அத்தகையோர் வளர்ந்து ஆளாவது அருமை.

கனடா நாட்டு மருத்துவர் ஆண்ட்ரூ ஹோம்ஸ், அவ்வாறு 21 வயது வரை வாழ்ந்து மாண்ட இளைஞன் ஒருவனின் இதயத்தை ஆராய்ந்து, 1824ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதினார். பின்னர் அவ்விதயம் மெக்கில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

மாட் அபட் என்னும் மங்கையைப் பெண் என்பதற்காகவே மெக்கில் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் வேறிடத்தில் பயின்று 1894இல் மருத்துவரானார். பின்பு அதே மெக்கில்லின் அருங்காட்சியகக் காப்பாளராக அமர்ந்தார். விளங்காத அந்த இதயத்தைக் கண்டு, அதன் வரலாற்றை வில்லியம் ஆஸ்லரிடம் வினவி அறிந்தார். அவ்வினா அவரைப் பிறவி இதயக் குறைகளின் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. 1936இல் ஆயிரம் இதயங்களின் செய்திகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அவ்வழியில் வந்தவர் அமெரிக்க மருத்துவர் ஹெலன் டாசிக். செவிப்புலன் குன்றியபோது, குழந்தைகளின் இதயத் துடிப்பை விரல் நுனிகளால் உணர்ந்தறிந்தார் அவர். உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளைக் காக்க அவர் கூறிய வழியை, விவியன் தாமசின் துணையுடன் ஆல்பிரட் பிளாலக் 1944இல் அறுவைச் சிகிச்சையாக நிகழ்த்தினார்.

பர்மாவில் பிறந்து, 1942இல் போரினால் கோயம்புத்தூரை வந்தடைந்தார் மருத்துவர் பத்மாவதி. அவர் பின்னர் டாசிக்கிடம் பயின்று, டெல்லியில் இதயநோய் மருத்துவத்தை வளர்த்தார். 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

பிரெஞ்சு மருத்துவர் பிரான்சிஸ் பான்டன் 1971இல் வெளியிட்ட சிகிச்சை முறையோ, மாசுற்ற குருதியைக் கீழறையின் துணையின்றி நேரே நுரையீரலுக்குச் செலுத்தியது. அதன் பயனாக, ஒற்றைக் கீழறையுடன் பிறந்தோர் பலர் இன்று வளர்ந்து ஆளாகி வாழ்கின்றனர். ஆயினும் வாழ்நாள் முழுதும் மருத்துவர் கண்காணிப்பு அவர்களுக்கு வேண்டும்.

இருபத்தோராண்டே வாழ்ந்த இளைஞனின் இதயம் பலரின் வாழ்நாளை நீட்டிக்க வழி வகுத்தது. பிறர் பாராது விட்ட பொருளை ஒருத்தி உற்று நோக்கினாள். அறிவு அங்கே பிறந்தது.