லைப்ரரியில் தேடியும் புத்தகம் கிடைக்கலையா? பல்கலைக்கழக நூலகத்தை முழுசா பயன்படுத்துவது எப்படி?

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் கம்ப்யூட்டரில் புத்தகத்தின் பெயரை டைப் செய்தால், 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று வரும். "சரி, இங்க இல்ல போல" என்று திரும்பிவிடுவார்கள். அப்புறம் கூகுளில் சிக்கியதை வைத்து ஒப்பேற்றுவார்கள். இல்லாவிட்டால், ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கும் இணையதளத்தைப் பார்த்து முழிப்பார்கள்.

ஆனால் தேடலில் வரவில்லை என்பதும், நூலகத்தில் இல்லை என்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் அந்தப் புத்தகம் நாலு ரேக் தள்ளி இருக்கும். காசு கேட்கும் அந்தக் கட்டுரையையும் உங்கள் கல்லூரி லாகினிலேயே இலவசமாகப் படிக்க வாய்ப்பு உண்டு. எப்படி? பார்க்கலாம்.

முதலில் எங்கே தேடணும்?

ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்துக்கும் கணினிப் பட்டியல் ஒன்று இருக்கும். இதை 'ஓபேக்' என்பார்கள். பெரும்பாலும் நூலகத்தின் இணையதளத்திலேயே இருப்பதால் மொபைலிலும் பார்க்கலாம். கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து தேடிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

கூகுளில் தேடுவது போல முழு வாக்கியத்தை இதில் டைப் செய்யக்கூடாது. ஓபேக் புத்தகத்தின் உள்ளே தேடுவதில்லை. தலைப்பு, ஆசிரியர், பொருள், பதிப்பகம் போன்ற விவரங்களில் மட்டுமே தேடும். 'தமிழ்நாட்டில் பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கை நிலை' என்று போட்டால் ஒன்றும் வராது. 'பீடி' என்று மட்டும் போட்டால் வரலாம்.

பொருத்தமான ஒரு புத்தகம் கிடைத்துவிட்டால், அதன் பதிவைத் திறந்து பாருங்கள். கீழே 'பொருள் தலைப்பு' என்று ஒன்று இருக்கும். அதை கிளிக் செய்தால், தலைப்பில் உங்கள் சொல் இல்லாத, ஆனால் அதே விஷயத்தைப் பேசும் மற்ற புத்தகங்களும் வரும்.

தமிழ்ப் புத்தகங்கள் ஏன் சிக்குவதில்லை?

பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இதுதான். பல நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். அதிலும் நாம் வாட்ஸ்அப்பில் டைப் செய்யும் ஸ்பெல்லிங் அங்கே இருக்காது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட அகராதி 'தமிழ் லெக்சிகன்'. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் நிலையான ஒரு ரோமன் எழுத்து என்ற முறை அதில் பின்பற்றப்பட்டது. உலகின் பல பெரிய நூலகங்கள் இந்த முறையையோ, இதை ஒட்டிய முறையையோதான் பின்பற்றுகின்றன. அதன்படி 'ச' வந்தால் எஸ் கிடையாது, சி. 'க' வந்தால் ஜி கிடையாது, கே. 'த' வந்தால் கூடவே எச் சேர்ப்பதில்லை. 'ழ' என்றால் இசட், எச் அல்ல, அடிக்கோடு போட்ட எல்.

சிலப்பதிகாரத்தை எஸ்-ல் தொடங்கித் தேடுபவருக்கு 'இல்லை' என்று வருவதும், சி-ல் தொடங்கித் தேடுபவருக்குக் கிடைப்பதும் இதனால்தான்.

நம்ம ஊர் நூலகங்கள் சிலவற்றில் இந்த முறையும் சீராக இருக்காது. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று விதமாக இருக்கும். அதனால் ஒரு தடவை தேடிவிட்டு நிறுத்திவிடாமல், இவற்றையும் முயற்சி செய்யுங்கள்:

- முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். பிறகு ஆங்கிலத்தில் இரண்டு, மூன்று ஸ்பெல்லிங்கில் தேடுங்கள்.
- தலைப்பு வரவில்லை என்றால் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். இனிஷியலைப் பின்னால் போட்டுப் பாருங்கள். மு.வரதராசன், 'வரதராசன், மு.' என்று இருக்கலாம்.
- 'சாமிநாதையர்', 'சுவாமிநாத ஐயர்' போல பெயருக்கு வேறு வடிவங்கள் இருந்தால் அவற்றையும் போடுங்கள்.
- மிகப் பழைய புத்தகம் என்றால், எல்லாம் கணினியில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். சில பழைய நூலகங்களில் கார்டு பட்டியலில் மட்டுமே இருக்கும் புத்தகங்களும் உண்டு.

முதுகில் ஒட்டியிருக்கும் எண் என்ன சொல்லுது?

புத்தகத்தின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கர், அந்தப் புத்தகத்தின் முகவரி. பல நூலகங்கள் 1876-ல் அமெரிக்காவின் மெல்வில் டியூவி வெளியிட்ட தசம முறையைப் பின்பற்றுகின்றன. இதில் 330 என்றால் பொருளாதாரம், 530 என்றால் இயற்பியல், 894.811 என்றால் தமிழ் இலக்கியம்.

புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணில்தான் குழப்பம் வரும். 330.12, 330.9 இரண்டில் எது முதலில்? 12 பெரியது என்று நினைத்து 330.9-க்குப் பிறகு போய்த் தேடுவார்கள். இது தசம எண் என்பதால் 330.12 தான் முதலில் வரும்.

ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகங்கள் ஒரே எண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே தேடிய புத்தகத்தை எடுத்ததும் கிளம்பிவிட வேண்டாம். இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து புத்தகங்களைப் பாருங்கள்.

'இருக்கு'ன்னு காட்டுது, ரேக்கில் இல்லையே?

யாராவது மேஜையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். திரும்பி வந்து இன்னும் அடுக்காமல் டிராலியில் இருக்கலாம். பைண்டிங் போயிருக்கலாம். ரெஃபரன்ஸ் பிரிவிலோ தனி அறையிலோ இருக்கலாம். வேறு ரேக்கில் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்டரில் சொல்லுங்கள். இரவல் போயிருந்தால், திரும்பி வரும்போது உங்களுக்கு எடுத்து வைக்கச் சொல்லிப் பதிவு செய்யும் வசதி பல நூலகங்களில் உண்டு.

ஆய்வுக் கட்டுரைகளுக்குக் காசு கட்டணுமா?

கட்டும் முன் உங்கள் கல்லூரியில் விசாரியுங்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 சர்வதேசப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம் என்பதுதான் திட்டம்.

கல்லூரி வைஃபையில் இணைந்து அந்த ஆய்விதழின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து படிக்க தனி லாகின் தேவைப்படலாம், அதை நூலகத்தில்தான் கேட்க வேண்டும். தனியார் கல்லூரி மாணவர்கள், தங்கள் நூலகம் தனியாகக் கட்டியிருக்கும் சந்தாக்களின் பட்டியலைக் கேளுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற இணையதளம் இருக்கிறது. இதில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இருக்கின்றன. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. படிக்கக் கட்டணம் கிடையாது. ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலைப் பாருங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே ஒருவர் பல வருடம் தேடித் தொகுத்த பட்டியல் அது. அதில் உள்ள பெயர்களை எடுத்து மறுபடி ஓபேக்கில் போட்டுத் தேடுங்கள்.

முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாமா?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் 'நியாயமான அளவில்' பயன்படுத்த அனுமதிக்கிறது. அதற்காகக் கடையில் கிடைக்கும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நகல் எடுப்பது சரியல்ல. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களுக்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் பழைய, உடையும் நிலையில் உள்ள தாள்களை ஜெராக்ஸ் மெஷினில் வைக்க நூலகம் மறுக்கலாம். மொபைலில் போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள். அனுமதித்தால் ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் தெரியும் முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் மேற்கோள் போடும்போது அதற்காகவே மறுபடி வர வேண்டியிருக்கும்.

வெளியாட்கள் போகலாமா?

பல பல்கலைக்கழக நூலகங்களில் அனுமதி உண்டு. கல்லூரியிலிருந்தோ வழிகாட்டியிடமிருந்தோ ஒரு கடிதம், அடையாள அட்டை, சில இடங்களில் சிறிய கட்டணம் தேவைப்படும். பெரும்பாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். போன் செய்துவிட்டுப் போவது நல்லது.

நூலகரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்

"இது தெரியாதான்னு நினைப்பாங்களோ" என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழியைச் சேர்ந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். புத்தகங்களைப் பூட்டி வைக்காமல், வாசகர்கள் நேரடியாக ரேக்கில் எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது. தேடித் தருவதும் நூலகரின் வேலைதான்.

கேட்கும்போது "ப்ராஜெக்ட்டுக்கு புக் வேணும்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன தலைப்பு, எதற்காக, இதுவரை எந்தெந்தச் சொல்லில் தேடினீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நூலகத்தில் உண்மையிலேயே இல்லை என்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்றும் கேளுங்கள். 'டெல்நெட்' போன்ற நூலக வலையமைப்பில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால் அதற்கு வழி உண்டு. வந்து சேர நாளாகும் என்பதால், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கேட்பது முக்கியம்.